காப்புக் கட்டிய தீயணைப்புக்காரர்

அந்தப் பங்குனியில் எங்கள் ஊர் மாரியம்மனுக்கு வேஷம் கட்டியவர்கள் மொத்தம் முப்பத்தொரு பேர். குரங்கு எட்டு, காளி ஆறு, போலீஸ் ஐந்து, கரடி நான்கு, ராஜா மூன்று, எமன் இரண்டு, டாக்டர் ஒன்று, கண்டக்டர் ஒன்று, தீயணைப்பு ஒன்று. வேண்டுமானால் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். எண்ணிக்கையில் நான் தவறுவதில்லை. மற்ற விஷயங்களில் எப்படி என்பதை என் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

திண்டுக்கல்லிலிருந்து ஆத்தூர் போகும் வழியில், சாலையை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். சாலைக்கு ஒரு பக்கம் கோயில், மறுபக்கம் குளம். திண்டுக்கல் நீதிமன்றம் ஒன்றில் இருபத்தொன்பது ஆண்டுகள் எழுத்தராக இருந்து, பெரும்பகுதி நீதிபதியின் மேடைக்குக் கீழே உட்கார்ந்து சாட்சிகளுக்கு எண் போட்டுவிட்டு, தொண்ணூறுகளின் கடைசியில் ஓய்வு பெற்று ஊருக்கே வந்து சேர்ந்தேன். நான் சொல்லப்போவது அதன் பிறகு வந்த இரண்டாவது திருவிழாவைப் பற்றி.

வேஷம் கட்டுவது எங்கள் பக்கம் ஒரு நேர்த்திக்கடன். நோய் தீர்ந்தவர், வழக்கில் தப்பித்தவர், பிள்ளை பெற்றவர் எல்லோரும் கையில் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிக்கொண்டு, நேர்ந்துகொண்ட வேஷத்தோடு ஏழு ஊர் சுற்றி அரிசி வாங்கி வருவார்கள். அந்த அரிசியில் அம்மனுக்குக் கஞ்சி காய்ச்சி ஊருக்கே ஊற்றுவார்கள். செருப்புப் போடக் கூடாது. இடுப்பில் வேப்பிலை இருக்க வேண்டும். இதற்கெல்லாம் மேலே ஒரு விதி உண்டு: காப்பு அவிழ்க்கும் வரை அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அவர்களும் தங்கள் பெயரைத் தாங்களே சொல்லக் கூடாது. சொன்னால் நேர்த்தி கெட்டுவிடும். முதல் வருஷத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். என் மச்சினன் அந்த ஆண்டு கரடி. அவன் வாசலில் வந்து நின்றதும் என் மனைவி, கூடப் பிறந்த அக்காள், "இந்தாங்க, கரடி வந்திருக்கு. காப்பி குடிக்குதான்னு கேளுங்க" என்றுதான் உள்ளே குரல் கொடுத்தாள்.

தீயணைப்பு வேஷம் எங்கள் ஊருக்குப் புதிது. கட்டியவனுக்கு முப்பது வயதிருக்கும். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளாவுக்கு லாரி ஓட்டியவன். முந்தைய ஆண்டு அவன் மனைவி தோட்டத்துக் கிணற்றில் தவறி விழுந்துவிட்டாள். திண்டுக்கல்லிலிருந்து தீயணைப்புக்காரர்கள் வந்து கயிறு கட்டி இறங்கி உயிரோடு மேலே கொண்டுவந்தார்கள். அன்றைக்குக் கிணற்று மேட்டிலேயே அவன் வேண்டிக்கொண்டான்: அவளைத் தூக்கியவர்களின் வேஷத்தை மூன்று வருஷம் அம்மனுக்குக் கட்டுகிறேன் என்று.

திண்டுக்கல்லில் நாடக உடை வாடகைக்குத் தரும் கடையில் ராஜா உடை உண்டு, போலீஸ் உடை உண்டு. தீயணைப்பு உடை கிடையாது. ஆகவே போலீஸ் சட்டையை வாங்கி, தோள்பட்டை அட்டைகளைப் பிய்த்துவிட்டு, மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் ஒன்றுக்கு வெள்ளி வண்ணம் அடித்துத் தலையில் வைத்துக்கொண்டான். சட்டையில் ஆறு பித்தான். அதில் நான்காவது மட்டும் வேறு நிறம். நெஞ்சுயரம் வரை பார்த்தால் தீயணைப்புக்காரன்தான். அதற்குக் கீழே வேப்பிலை; அதற்கும் கீழே வெறுங்கால்.

அவனுக்கு அப்போது இன்னொரு எதிர்பார்ப்பும் இருந்தது. அரசுப் பேருந்தில் ஓட்டுநர் வேலைக்கு நேர்முகம் முடிந்து, உத்தரவுக்காகக் காத்திருந்தான். லாரியில் வாரத்துக்கு ஐந்து இரவு கண் விழிக்கிற பிழைப்பு போதும் என்று அவன் மனைவி முடிவு செய்திருந்தாள். போலீஸ் விசாரணையில் ஆள்மேல் வழக்கு எதுவும் இல்லை என்று வந்தால்தான் அந்த வேலை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்த எல்லாவற்றிலும் எங்களுக்கு இருந்த ஒரே கவலை இதுதான்.

பொங்கல் வைக்கிற நாள், நண்பகல். கோயில் முன்னால் சாலையோரம் வரை தென்னங்கீற்றுப் பந்தல். அதன் அடியில் அறுபத்துமூன்று பானைகள் அடுப்பில் இருந்தன. ஆட்களை மட்டும் என்னால் எண்ண முடியவில்லை, நகர்ந்துகொண்டே இருந்தார்கள், நானூறுக்குக் குறையாது. மேற்கேயிருந்து ஒரு வைக்கோல் லாரி வந்தது. பாரம் வண்டியைப்போல் இரண்டு மடங்கு உயரம். ஊர் எல்லையில் தொங்கிய மின்கம்பியில் உரசியிருக்க வேண்டும். பின்பக்கம் புகைந்து தீ பிடித்துவிட்டது. முன்னால் உட்கார்ந்திருந்த ஓட்டுநருக்குத் தெரியவில்லை. திருவிழாக் கூட்டம் என்று வேகத்தைக் குறைத்துக்கொண்டு நேராகப் பந்தலைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்.

நம் ஆள் அடிபம்பின் பக்கத்தில் நீர்மோர் குடித்துக்கொண்டிருந்தான். அரிசித் தட்டைக் கீழே போட்டுவிட்டு நடுச்சாலைக்கு ஓடி இரண்டு கையையும் தூக்கினான்.

"நிறுத்தாத! நிறுத்தாத! எடது பக்கம் ஒடி! வண்டியக் கொளத்துல எறக்கு!"

ஒருவன் கையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்தால் எந்த ஓட்டுநரும் என்ன செய்வார்? நிறுத்தத்தான் பார்ப்பார். வண்டி ஊர்ந்து பந்தலுக்குப் பக்கத்திலேயே நிற்கப் போனது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று கேட்டார். அந்தப் பேச்சைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது, பழனிக்கு அந்தப் பக்கத்து ஆள். நான் சாலையோரம் நின்றிருந்தேன். எனக்கு நிதானம் போய்விட்டது.

"யோவ்! தீயணைப்புக்காரர் சொல்றாருல்ல? எறக்குய்யா கொளத்துல!"

அவர் என்னைப் பார்த்தார். அவனுடைய ஹெல்மெட்டைப் பார்த்தார். காக்கிச் சட்டையைப் பார்த்தார். பிறகு பேசாமல் ஸ்டீயரிங்கை ஒடித்தார். மாடு குளிப்பாட்டுகிற சரிவில் லாரி இறங்கி, மூக்கு முழுகுகிற மட்டும் போய் நின்றது. ஓட்டுநர் நனைந்துகொண்டு கரையேறினார். வைக்கோலில் பாதி எரிந்தது, பாதி நனைந்தது. பந்தலில் ஒரு கீற்று கருகவில்லை. அறுபத்துமூன்று பானையும் பொங்கியது.

யாரோ டெலிபோன் பூத்துக்கு ஓடி நூற்றொன்றுக்குப் பேசியிருந்தார்கள். நிஜமான தீயணைப்பு வண்டி வந்து மிச்சத் தீயை அணைத்தது. அதன் அதிகாரி நம் ஆளை மேலும் கீழும் பார்த்து, "என்னப்பு, நம்ம ஆளா நீ? எந்த ஸ்டேஷன்?" என்றார்.

"மாரியம்மன் ஸ்டேஷன் சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, "எங்க ஸ்டேஷன்ல ஹெல்மெட்டு இம்புட்டு மினுக்கா இல்லப்பா" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போனார். அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

மறுநாள் காலை லாரி உரிமையாளர் ஒரு உதவி ஆய்வாளரோடு வந்து இறங்கினார். அவருடைய சங்கடம் எனக்குப் புரிந்தது. தீப்பிடித்த லாரிக்கு இன்சூரன்ஸ்காரர்கள் பதில் சொல்வார்கள், ஓட்டுநரே குளத்தில் இறக்கிய லாரிக்கு, "யார் இறக்கச் சொன்னது?" என்று கேட்பார்கள். தீயணைப்புத் துறையா என்றால் துறையில் அப்படி ஒருவரும் அங்கே இல்லை. ஆகவே அவருக்கு ஒரு புகார் தேவைப்பட்டது.

உதவி ஆய்வாளர் வெளியூர்க்காரர், வேலைக்குப் புதிது. கோயில் வாசலில் நாற்காலி போட்டு ஒவ்வொருவராகக் கேட்டார்.

"லாரிய எறக்கச் சொன்னது யாரு?"

"தீயணைப்புக்காரருங்க சார்."

"பேரு?"

"தீயணைப்புக்காரரு."

"யோவ், பேரக் கேட்டேன்யா."

"காப்பு இன்னும் அவுக்கலையே சார்."

ஒன்பது பேரைக் கேட்டார். ஒன்பது பேரும் இதையே சொன்னார்கள். திருவிழா முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது; அம்மன் வாசலில் வைத்து யார் அவன் பெயரைச் சொல்வார்கள்? எழுத்தர் காவலர் ஒன்பது வாக்குமூலத்திலும் "தீயணைப்புப் பணியாளர் கூறியதன் பேரில்" என்று எழுதிக்கொண்டார். நான் பத்தாவது. நான் மட்டும் வேஷம் என்றால் என்ன, காப்பு என்றால் என்ன, ஏன் பெயர் சொல்வதில்லை என்று முதலிலிருந்து விளக்கினேன். ஓட்டுநரிடம் கத்திச் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன்.

"பெரியவரே, நீங்க கோர்ட்டுல இருந்தவரு. இந்த வழக்கமெல்லாம் கோர்ட்டுலயே சொல்லிக்கங்க. எனக்கு அவன் என்ன சொல்றான்னுதான் வேணும்" என்றார் அவர். என் வாக்குமூலத்திலும் அதே வரிதான் ஏறியது. பிறகு நம் ஆளைக் கூப்பிட்டார்.

"நீ யாருடா?"

நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. கோபுரத்தைப் பார்த்தான்.

"தீயணைப்பு சார்."

"கவர்மெண்டு வேலையா?"

அதற்கு வாயைத் திறக்கவில்லை. பெயர் சொல்லக் கூடாது என்ற பயத்தில் அதற்குமேல் எதையுமே சொல்லக் கூடாது என்று முடிவு செய்துவிட்டான். ஜீப்பில் ஏற்றினார்கள். வேப்பிலையோடுதான் ஏறினான்.

இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு நூற்று எழுபது, நூற்று எழுபத்தொன்று. இரண்டும் எனக்கு மனப்பாடம். அரசு ஊழியர் என்று பொய்யாகச் சொல்லிக்கொண்டு அந்தப் பதவியின் பேரால் ஒரு காரியம் செய்தால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அரசு ஊழியரின் உடையை, பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடோ நம்பிவிடக்கூடும் என்று தெரிந்தோ அணிந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது இருநூறு ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தச் சட்டங்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. நான் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த காலத்தில் இந்தப் பிரிவுகளில் பதினான்கு வழக்குகள் வந்தன. பதின்மூன்று பேர் போலி போலீஸ்; நெடுஞ்சாலையில் பூ ஏற்றி வந்த வண்டியை நிறுத்தி மிரட்டியவர்கள், வீட்டைச் சோதனை போடுகிறேன் என்று நுழைந்தவர்கள். ஒருவன் போலி மோட்டார் வாகன ஆய்வாளர். ஆபத்து நேரத்தில் காக்கிச் சட்டையைப் பார்த்தால் நாம் யோசிக்காமல் கீழ்ப்படிகிறோம். அந்தக் கீழ்ப்படிதலைத் திருடுகிறவனுக்குத் தண்டனை வேண்டும்தான். எங்கள் ஆள் எதையும் திருடவில்லை என்பதுதான் என் கட்சி.

நூற்று எழுபது போலீஸே ஜாமீனில் விட முடியாத பிரிவு என்பதால் திண்டுக்கல் கிளைச் சிறையில் அடைத்தார்கள். நீதிபதி முன் நிறுத்தியபோதும் அவன் பெயர் சொல்லவில்லையாம். கூட வந்த ஏட்டுதான் சொல்லியிருக்கிறார். பெயர் சொல்ல மறுக்கும் எதிரி மேல் (குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்றத்தில் அப்படித்தான் சொல்வோம்) எந்த நீதிபதிக்கும் நல்ல எண்ணம் வராது. இதைச் சொல்லத்தான் அவன் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. கோபத்தோடு வந்தாள்.

"ஐயா, நீங்க பூசாரியக் கூட்டிட்டு வாங்க. ஜெயில்ல போயிக் காப்ப அவுத்துவிடச் சொல்லுங்க. இந்த மனுசன் பேரச் சொல்லாம வேலையத் தொலைச்சுப்புட்டு வந்து நிப்பாரு."

"மஞ்ச நீராட்டு முடியாம அவுக்கக் கூடாதே ஆத்தா."

"நாளைக்கு முடியுதுல்ல? முடிஞ்ச கையோட வாங்க."

"அவனுக்கு வாய் இல்லையா? ஜாமீன் கெடைக்க ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"நான் கெணத்துல கெடந்தப்ப அம்மன்கிட்டச் சொன்ன வார்த்தையாச்சே ஐயா. அத எப்படி அவரு மீறுவாரு? எனக்குக் கோவம் அவரு மேல இல்ல, அந்தக் கயித்து மேல."

மறுநாள் மஞ்சள் நீராட்டு முடிந்ததும் பூசாரியை என் மொபெட்டில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு திண்டுக்கல் போனேன். அவர் மடியில் ஒரு தூக்குவாளி நிறைய மஞ்சள் தண்ணீர். மேடு பள்ளத்தில் தளும்பி என் வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்க மஞ்சளாகிவிட்டது. நான் வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன். சிறைக் காவலர் ஒருவர் வாளிக்குள் என்ன என்று இரண்டு முறை முகர்ந்து பார்த்தார். கம்பிக்கு இந்தப் பக்கம் பூசாரி, அந்தப் பக்கம் அவன். கையை வெளியே நீட்டினான். பூசாரி மஞ்சள் தண்ணீரைத் தெளித்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு இறுகிக் கிடந்ததால் பல்லால் கடிக்க வேண்டியிருந்தது.

"ஏலே, இப்பச் சொல்லுடா ஒம் பேர" என்றார் பூசாரி.

அவன் சொன்னான். தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொன்னான். காவலர் எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு, "இதுக்கா இம்புட்டு நேரம்?" என்றார்.

அடுத்த வாரம் ஜாமீன் கிடைத்தது. ஆனால் வழக்கு இருந்தது. வழக்கு இருக்கும் வரை பேருந்து வேலை இல்லை. பதினோரு வாய்தா ஓடியது. நடுவில் அவனோடு நேர்முகத்துக்குப் போன இரண்டு பேர் பணியில் சேர்ந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அவன் மறுபடி காய்கறி லாரிக்கே போனான்.

விசாரணை நாளில் அதே நீதிமன்றத்துக்குப் போனேன். பெஞ்சு பழையபடி எட்டு. மின்விசிறி நான்கு, என் காலத்திலும் ஒன்று சுற்றாது, அப்போதும் அது சுற்றவில்லை. மேடையில் இளம் பெண் நீதிபதி. வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு பையன் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான். நான் அரசுத் தரப்பின் நான்காம் சாட்சி. இருபத்தொன்பது ஆண்டுகள் மற்றவர்களைக் கூண்டில் ஏற்றிய நான் முதல் முறையாக அதில் ஏறப் போகிறேன். கால் நடுங்கியது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும்; நடுங்கவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

எனக்கு முன்னால் லாரி ஓட்டுநர்.

"அந்த ஆள் தீயணைப்புத் துறைன்னு நம்பித்தான் வண்டிய எறக்குனீங்களா?" என்று அரசு வழக்கறிஞர் கேட்டார்.

"ஆமாங்க. தொப்பி, காக்கிச் சட்டை எல்லாம் இருந்துச்சுங்க. எங்க பக்கம் மாரியம்மனுக்குக் கம்பம் நட்டு ஆடுவோமுங்க. இப்படி வேசம் கட்டறதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க."

எதிரியின் வழக்கறிஞர் எழுந்தார். "கால்ல செருப்பு இருந்துச்சா?"

"ஏனுங்க, கேபின்ல உக்காந்துக்கிட்டு அவரு காலு எனக்கு எப்படீங்க தெரியும்?"

நீதிமன்றம் சிரித்தது. நீதிபதியும் குனிந்துகொண்டார்.

"சரி, அவரு தன்னைத் தீயணைப்புன்னு உங்ககிட்டச் சொன்னாரா?"

ஓட்டுநர் யோசித்தார். நேர்மையான மனிதர், யோசிப்பது முகத்தில் தெரிந்தது. "சத்தம் கேட்டுதுங்க. தீயணைப்புக்காரர்னு காதுல விழுந்துதுங்க. எந்த வாயில இருந்து வந்துதுன்னு தெரியலீங்க."

அதன் பிறகு நான். அரசு வழக்கறிஞர் என் வாக்குமூலத்தை வாசித்தார். "தீயணைப்புப் பணியாளர் கூறியதன் பேரில் லாரி குளத்தில் இறக்கப்பட்டது. இப்படிப் போலீஸ்கிட்டச் சொன்னீங்களா?"

"தீயணைப்புக்காரர் என்று சொன்னேன். பணியாளர் என்பது எழுதியவர் சேர்த்தது."

"ஆக, அவரைத் தீயணைப்புக்காரர் என்று நீங்களே நம்பினீர்கள்."

"இல்லை. அவனைப் பிறந்ததிலிருந்து தெரியும்." அவன் பெயர், தகப்பன் பெயர், தெருப் பெயர், அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் உள்ள வீடுகள் ஏழு என்பது வரை சொன்னேன். "காப்பு இருக்கும் வரை பெயர் சொல்வதில்லை. வேஷத்தைத்தான் சொல்வோம். அன்றைக்கு என் மச்சினன் கரடி. அவனைப் பற்றிக் கேட்டிருந்தால் கரடி என்றுதான் சொல்லியிருப்பேன். அதனால் அவனைப் பிடித்துக் காட்டில் விட முடியுமா?"

சிரிப்பு அடங்கியதும் அரசு வழக்கறிஞர் நீதிபதியிடம், இந்தச் சாட்சியைப் பிறழ் சாட்சியாக, அதாவது அழைத்த தரப்புக்கே எதிராகப் புரண்டவராக, அறிவிக்க வேண்டும் என்றார். என் பணிக்காலத்தில் எத்தனையோ பிறழ் சாட்சிகளைப் பார்த்திருக்கிறேன். பயந்தவர்கள், சமாதானமாகிப் போனவர்கள், மறந்தவர்கள். அவர்கள் பெயருக்கு நேரே அந்த வார்த்தையை என் கையால் எழுதும்போது ஒவ்வொருவரையும் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். பேனாவைக் கடித்த பையன் இப்போது என் பெயருக்கு நேரே அதை எழுதினான். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் நான் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. அதை உரக்கச் சொன்னேன்.

பிறழ் சாட்சி ஆனதால் அரசு வழக்கறிஞரே என்னைக் குறுக்கு விசாரணை செய்தார்; நேரே விஷயத்துக்கு வந்தார். "லாரி ஓட்டுநர் வெளியூர்க்காரர் என்று உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். பேச்சிலேயே தெரிந்தது."

"அந்த உடையைப் பார்த்து அவர் ஏமாறுவார் என்று எதிரிக்கும் தெரிந்திருக்கும்."

"அவன் எதிரே ஒரு லாரி எரிந்துகொண்டு வந்தது. அவனுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று நான் சொல்ல முடியாது. அவன் வாயிலிருந்து வந்ததைச் சொல்கிறேன்: நிறுத்தாத, எடது பக்கம் ஒடி, கொளத்துல எறக்கு. அவ்வளவுதான். தீயணைப்புக்காரர் என்ற வார்த்தையைச் சொன்னது நான். போலீஸிடமும் சொன்னேன், எழுதவில்லை."

நீதிபதி முதல் முறையாக என்னிடம் பேசினார். "ஓட்டுநர் நம்ப வேண்டும் என்றா அப்படிச் சொன்னீர்கள்?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் என் மனைவி, "ஒங்களையும் சேத்து உள்ள வச்சுரப் போறாங்க, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

"அம்மா, வாய் பழக்கத்தில் வந்தது பாதி. அவர் நம்பினால் நல்லது என்பது மீதி. பந்தலுக்கு அடியில் அறுபத்துமூன்று அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் பிரிவு நூற்று எழுபத்தொன்று உடுத்தியவனின் எண்ணத்தைக் கேட்கிறது. கூவியவனின் எண்ணத்தைக் கேட்கவில்லை. அவன் அந்த உடையை உடுத்தியது லாரி வருவதற்கு முன்னால், அரிசி வாங்க."

"சாட்சி சட்டம் பேச வேண்டாம்" என்றார் நீதிபதி.

"சரி அம்மா."

ஆனால் அவர் எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். மேலேயிருந்து பார்க்கிறவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று கீழே இருந்து கண்டுபிடிப்பது என் பழைய தொழில்.

தீர்ப்பு நாளில் அவன் மனைவியும் வந்திருந்தாள். நீதிபதி தமிழிலேயே வாசித்தார். எதிரி அந்த உடையை நேர்த்திக்கடனுக்காக அணிந்தார் என்பதை அரசுத் தரப்புச் சாட்சிகளே காட்டுகிறார்கள். பிறரை நம்ப வைக்கும் எண்ணம் நிரூபிக்கப்படவில்லை. பதவியைச் சொல்லி எதையும் செய்யவில்லை. காவல் அதிகாரியிடம் சொன்ன பதில் அந்த வழக்கத்தின்படி சொல்லப்பட்டது. இரண்டு பிரிவுகளிலிருந்தும் விடுதலை. வாசித்து முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"உங்க நேர்த்தி இன்னும் எத்தனை வருஷம்?"

"ரெண்டு வருசம் இருக்குங்கம்மா."

"அடுத்த தடவை, பார்க்கிறவங்களுக்கு வேஷம்னு தெரியற மாதிரி ஏதாவது செய்யுங்க. வெளியூர்க்காரங்களும் அந்த ரோட்டுல வருவாங்க."

வெளியே வந்ததும் அவன் மனைவி என்னிடம், "இதுக்கு எட்டு மாசமா ஐயா?" என்றாள். எனக்குத் தெரிந்து நூற்று எழுபதில் இதைவிட வேகமாக முடிந்த வழக்கு இரண்டே இரண்டுதான். சொல்லவில்லை. அவள் இருந்த இருப்பில் கணக்குக் கேட்க மாட்டாள். தீர்ப்பின் நகலோடு அவன் மறுபடி விண்ணப்பித்தான். நேர்முகத்தில் வாங்கிய இடம் அப்படியே இருக்கிறது என்று பதில் வந்தது. திண்டுக்கல் வத்தலக்குண்டு தடத்தில் பணி. காக்கிச் சட்டை, இந்த முறை நிஜமானது. பித்தான் ஆறும் ஒரே நிறம். முதல் நாள் நானே ஏறிப் பார்த்தேன்.

அடுத்த பங்குனிக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து காப்புக் கட்டினான். நீதிபதி சொன்னதற்கு என்ன செய்வது என்று கோயிலில் கூடிப் பேசினோம். ஆளுக்கொரு யோசனை. ஹெல்மெட்டில் மஞ்சள் பூசலாம் என்றார் பூசாரி. உறுமி மேளக்காரரை முன்னால் விடலாம் என்றான் பழைய கரடி. கடைசியில் ஒரு தகரத்தை வெட்டி, வெள்ளையடித்து, "நேர்த்திக்கடன் வேஷம்" என்று சிவப்பில் எழுதிக் கழுத்தில் மாட்டுவது என்று முடிவானது. எழுதியது நான்தான். எழுத்து நெஞ்சுக்கு மேலே இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிக் கயிற்றைச் சுருக்கினேன். கேபினில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வேண்டாமா? அவனுக்குக் கழுத்தை அறுத்தது, திருப்பிக்கொள்ளச் சொன்னார்கள், நான் விடவில்லை. மின்கம்பியையும் அந்த ஆண்டு இழுத்துக் கட்டச் சொல்லி நான்கு மனு கொடுத்துக் கட்ட வைத்தேன்.

பொங்கல் அன்று பானைகள் எழுபத்தொன்று. திண்டுக்கல்லிலிருந்து தீயணைப்பு வண்டி ஒன்று பாதுகாப்புக்கு வந்து குளத்தோரம் நின்றது. அதே அதிகாரி. வண்டியை விட்டு இறங்கியவர் கோயில் வாசலில் பூட்ஸைக் கழற்றினார், காலுறையையும் கழற்றினார். வேஷக்காரர்கள் வரிசையாக நின்று திருநீறு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் காளியைத் தாண்டி, ராஜாவைத் தாண்டி வந்து, கழுத்தில் தகரத்தோடு நின்றவன் முன்னால் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்தார். அவருக்கு அவன் பெயர் நன்றாகத் தெரியும். வழக்கின்போது அவன் நிலைமையை என்னிடம் இரண்டு முறை விசாரித்திருக்கிறார். அவன் மனைவியைக் கிணற்றிலிருந்து தூக்கியவர்களில் அவரும் ஒருவர்.

"குடுங்க, தீயணைப்புக்காரரே" என்றார்.

அவன் நெற்றியில் பூசிவிட்டான். பின்னால் நின்றிருந்த அவன் மனைவி, "ஐயாவுக்குக் கஞ்சி ஊத்துங்க" என்று யாரிடமோ சொன்னாள். நான் ஏறிட்டுப் பார்த்தேன். தகரம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. போய் நேராக்கி வைத்தேன்.